தையல்காரரும் பின்சக்கரத்து நட்டும்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் ஆடியது. பஞ்சர் ஒட்டுவதற்காக அதைக் கழற்றியவரும் திரும்ப மாட்டியவரும் தையல்காரரேதான். பழியைப் போட வேறு ஆளில்லை.

வண்டி அவரைவிட மூன்று வயது மூத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதில்தான் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, நாற்பது மைல் தள்ளியிருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதுவும் தன் கையாலேயே வண்டியைத் தயார் செய்து. அவர் தைத்த கோட்டுகளை ஊரே மெச்சியது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி மட்டும் பன்னிரண்டு வருஷமாக ஒரு வார்த்தை மெச்சியதில்லை. இந்த வண்டியிலாவது அந்தக் குறை தீரும் என்று நம்பினார்.

சக்கரம் ஆடியதற்குக் காரணம் தொழில் பழக்கம். சட்டை என்றால் உடம்பு அசைவதற்குக் கொஞ்சம் தளர்வு விடுவார். நட்டுக்கும் விட்டிருந்தார். தவறு புரிந்ததும் ஸ்பேனர்மேல் ஏறி நின்று முறுக்கினார். இப்போது சக்கரம் சுற்றவே மறுத்தது. மறுபடி தளர்த்தி, அளவு நாடாவை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தார். எந்த மனிதனுக்கும் இரண்டு தோளும் ஒரே அளவில் இருக்காது என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம். அந்தச் சலுகையை வண்டிக்கும் கொடுத்தார். சக்கரம் கோணிக்கொண்டு நிற்க, செயின் கழன்று தொங்கியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

மனைவி வேலைக்குப் போயிருந்த மத்தியான வேளையில், இரண்டு தெரு தள்ளியிருந்த மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மெக்கானிக் அதிகம் பேசாதவர். சக்கர அச்சின் இடத்தைக் காட்டும் இரு பக்கத்துக் கோடுகளையும் சமமாக்கினார். செயினை ஒரு விரலால் அழுத்தி எவ்வளவு தொய்கிறது என்று பார்த்தார். பிறகு தையல்காரரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். அப்போதுதான் பிரேக் கட்டைகள் நடுவில் உட்காருமாம். பிடித்திருக்கும்போதே நட்டை முறுக்கி, கடைசியாக நிதானமாக ஓர் இழுப்பு இழுத்து நிறுத்தினார். நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு பின்னைச் செருகி மடக்கினார். தட்டிவிட்டதும் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தையல்காரர் வாய் பிளந்து நின்றார். முடிச்சு உட்கார்ந்ததும் நூலை இழுக்காமல் நிறுத்தும் கை அவருக்கும் உண்டு. அதே கையை இரும்பில் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது.

சாயங்காலம் மனைவி வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“நீங்களேவா பண்ணீங்க?”

“பின்னே?” என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலே.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவருக்கு அந்தப் பார்வை கிடைத்ததில்லை. இனி அதை இழக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாளே வினை வந்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தன் பழைய வண்டியோடு வந்து, பின்சக்கரம் ஆடுவதாகவும், இதில் தையல்காரரை மிஞ்ச ஆளில்லை என்று தையல்காரரின் மனைவியே சொன்னதாகவும் சொன்னார். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். அதற்கடுத்த நாள் வாட்ச்மேன். தையல்காரர் தினமும் மத்தியானம் ஒரு வண்டியைத் திருட்டுத்தனமாகத் தள்ளிக்கொண்டு ஓடினார். கடையில் ஒரு பேன்ட் ஒற்றைக் காலோடு மூன்று நாளாகக் காத்திருந்தது.

மெக்கானிக்கோ எந்நேரமும் ஏதாவதொரு இன்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். தன் கை சும்மா இல்லையென்று சொல்லி ஸ்பேனரைத் தையல்காரரிடமே கொடுத்தார். டாக்டருடைய வண்டியில் தையல்காரர் நட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டு, கழற்றி மறுபடி முறுக்கினார். கம்பவுண்டர் வண்டியில் பிரேக்கை மிதிக்க மறந்தார். வாட்ச்மேன் வண்டியில் சரியான இடத்தில் கை தானாக நின்றது. அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் பழைய வண்டிக்காரர்கள் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் எதிரில் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டுமாம். மெக்கானிக்கிடம் ஓட வழியில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் மனைவி கைகட்டி நின்றிருந்தாள். ஸ்பேனர் ஒருமுறை வழுக்கினால் போதும், அந்தப் பார்வை போய்விடும். தையல்காரர் பயந்துகொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

ஆனால் கைக்குப் பயமில்லை. கோடுகளைச் சமமாக்கியது, செயினை அழுத்திப் பார்த்தது, கால் பிரேக்கை மிதித்திருக்கும்போதே நட்டை முறுக்கியது, கடைசி இழுப்பில் மயிரிழை தவறாமல் நின்றது. பின்னைச் செருகித் தட்டிவிட்டதும் சக்கரம் ஓசையின்றிச் சுற்றியது. பல் பிடுங்கும் தனக்கே இப்படிக் கை நிற்காது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். மனைவியின் கண் நிறைந்திருந்தது.

அந்தக் கண்தான் அவரை உறுத்தியது. கூட்டம் கலைந்ததும் நேராக மெக்கானிக்கிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என் மானத்தைக் காப்பாத்தினது நீதான் தம்பி. ஆனா அவகிட்டப் பொய் சொல்லிட்டேன். அதுதான் மனசை அறுக்குது.”

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த மூணு வண்டியும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. நீங்க இங்க வந்தது அண்ணிக்கு முதல் நாளே தெரியும். நட்டைத் தளர்த்தி உங்ககிட்ட அனுப்பச் சொன்னதும், ஸ்பேனரை உங்க கையிலயே கொடுக்கச் சொன்னதும் அவங்கதான். நாளைக்கு வழியில பஞ்சரானா மாட்டப் போறது நீங்க, பின்னாடி உட்காரப் போறது அவங்களாச்சே.”