கூட்டணிப் படை எங்கள் ஆடுகளை இறக்கிய விதம்

ஹோல்ஸ்தால் பள்ளத்தாக்கு,
வட ஐஸ்லாந்து,
செப்டம்பர், சனிக்கிழமை.

தலைநகரில் வெளியுறவு இலாகாவில் அமர்ந்து, கூட்டணி நாட்டுப் படைகளைக் கவனிக்கும் பெரிய பொறுப்பில் இருக்கும் மாப்பிள்ளை கியார்தான் அவர்களுக்கு, மாமனார் ஆஸ்கெய்ர் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் மாமியார் ஸ்டெய்னுனும் குதிரைகளும் நலம். அங்கே தாங்களும் எங்கள் மகள் தோர்டிஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிவைத்த ராணுவமும் நலமாகத்தான் இருக்கிறது. இந்த நிமிஷம் என் சமையலறையில் காலுறையைக் கழற்றி அடுப்பின் மேல் காயப் போட்டிருக்கிறது.

போன மாதம் தாங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, நம்ம நாட்டுக்குத்தான் படையே கிடையாதே, ஆள் கொடுக்க முடியாட்டி இடமாவது கொடுக்கணும்ல? குளிர்ப் பயிற்சிக்கு உங்க பள்ளத்தாக்குல தங்கிக்கட்டும், அதுதான் நம்ம பங்கு" என்றீர்கள். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டால் இல்லை என்று சொல்வேனா? வந்தார்கள். அமெரிக்கர்கள், ஜெர்மானியர்கள், இத்தாலியர்கள் என்று மூன்று வகை. மூன்று பேரிடமும் அருமையான கூடாரங்கள் இருந்தன, முளைக்குச்சி ஒருவரிடமும் இல்லை. அது மற்றவர் பங்கில் வரும் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்களாம். வேறு வழி? அத்தனை பேரையும் பண்ணை வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினோம், தலைவர்கள் மூவரும் என் தலையில் விழுந்தார்கள். முதல் நாள் ஊர்க் கூடத்தில் ஆட்டிறைச்சிச் சூப்பு ஊற்றினால், கிண்ணம் காலியாகும் முன்பே தகராறு. அமெரிக்கக் கர்னல் ஹோல்கம், "எப்பவும் நாங்கதான் தூக்கறோம். லாரி எங்களுது, எண்ணெய் எங்களுது, ஹெலிகாப்டர் எங்களுது. நீங்கள்லாம் கையை வீசிட்டு வர்றீங்க" என்றார். ஜெர்மன் மேஜர் ஆஹ்லர்ஸ் அம்மாள் விடுவாரா? "தூக்கறீங்க, சரி. எதைத் தூக்கணும்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். இத்தாலியக் கேப்டன் பெலாந்தி, "தெற்கே கடலைக் காவல் காக்கறது யாரு? அதைச் சேர்த்துப் பேசுங்க" என்று சொல்லி, கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

இவர்கள் இப்படி இருக்க, என் கவலையெல்லாம் மலைமேல் இருந்தது. ஜூன் மாதம் மலைக்கு விட்ட செம்மறிகள் இன்னும் இறங்கவில்லை. சனிக்கிழமை பனிப்புயல் என்று வானொலி சொல்லிவிட்டது. ஆள் போதாது. பக்கத்துப் பண்ணை ஸ்கூலி தொழுவத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதியாக்கிவிட்டான், அவனுக்குச் செப்டம்பர் பிறந்தால் முதுகுவலியும் பிறந்துவிடுகிறது. பனிக்குள் உயிரோடு புதைந்த ஆட்டைத் தோண்டி எடுத்திருக்கிறேன் மாப்பிள்ளை, அதன் கண்ணைப் பார்த்தவனுக்குப் பிறகு சோறு இறங்காது. எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் எழுந்து நின்று, "இங்க பாருங்க, இந்தப் பள்ளத்தாக்குல இந்தச் சண்டையை எங்க முப்பாட்டனுங்க காலத்துலயே தீர்த்தாச்சு. ஆடு எத்தனையோ அதுக்குத் தக்கபடி பண்ணைக்குப் பண்ணை ஆள் மலைக்கு வரணும். வர முடியாதவன் பதில் ஆள் அனுப்பணும். மேலே யாரும் என் ஆடு, உன் ஆடுன்னு பாக்கறதில்லை, கண்ணுல பட்டதை எல்லாம் இறக்கணும். பிரிக்கிறது கீழே பட்டியில. இந்த வாரம் யார் எங்க வீட்டுல தூங்கினாலும் இதே சட்டம்தான். ஆடு இறக்கறதுக்கு ஊர் வச்ச தலைவன், மலைராஜா, நான் சொல்றேன்" என்றேன். கர்னல் சிரித்தார். "பெரியவரே, ஆடு பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுக் கொடுத்துடறோம்."

எந்த நாள் மத்தியானம் என்று அவர் சொல்லவில்லை.

முதல் காரியமாக மலையை வரைபடத்தில் மூன்றாக வெட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு ஒவ்வொருவரும் தம் அரசாங்கம் போட்ட நிபந்தனையை வெளியே எடுத்தார்கள். மேஜர் அம்மாளின் ஆட்கள் பொழுது சாய்ந்தபின் வேலை செய்யக்கூடாது. கேப்டனின் ஆட்கள் முட்டும் மிருகங்களைத் தொடக்கூடாது. கர்னலுக்கு எதற்கும் தடையில்லை, ஆனால் இன்னொருவர் ஏவலில் நடக்கக்கூடாது. ஆகையால் மலைராஜாவாகிய நான் அவரிடம் எதையும் சொல்ல முடியாது, யோசனையாக முணுமுணுக்கலாம், அவ்வளவுதான். ஆடுகளுக்கு வரைபடம் தெரியாதல்லவா? ஒரு கிடாய் ஜெர்மன் பகுதியிலிருந்து ஓடையைத் தாண்டி இத்தாலியப் பகுதிக்குள் போய் நின்றது. கரையோடு ஜெர்மானியர் நின்றுவிட்டார்கள். "பிடிங்க ஐயா, கை நீட்டினா எட்டுது!" என்று கத்தினேன். "அது இப்ப அவங்க பொறுப்பு" என்றான் ஒருவன். இத்தாலியர்களோ பாறை மறைவில் காபி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கிடாய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நிதானமாக மேய்ந்துகொண்டே வந்த வழியே மலை ஏறிப் போயிற்று. இதற்குள் கர்னல் பொறுமை இழந்து ஹெலிகாப்டரை வரவழைத்தார். மூன்று நாள் நானும் நாயும் தொண்டை வறளச் சேர்த்த மந்தை அந்தச் சத்தத்தில் சிதறி, எந்தக் காலத்திலும் ஆடு போகாத உச்சிக்கெல்லாம் போய்விட்டது. கர்னல் கீழே இறங்கி வந்து, "ஒண்ணு கூட நிக்கலை பாத்தீங்களா, என்ன வேகம்!" என்றார். நான் கருவாட்டை வெண்ணெயில் தோய்த்து வாயில் திணித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் கூட்டணி அன்றோடு உடைந்திருக்கும்.

எப்படியோ குதிரையும் நாயும் என் கெட்ட வார்த்தைகளுமாகச் சேர்ந்து இன்று மத்தியானம் மந்தையை இறக்கிவிட்டோம். பனி தொடங்கிவிட்டது. பட்டியில் தலை எண்ணினால் ஏழு ஆடு குறைகிறது. மேலே பாறைப் பள்ளத்தில் ஒதுங்கியிருக்கும். நான் சேணத்தை எடுத்தேன், தங்கள் மாமியார் கதவில் குறுக்கே நின்று, "இந்த வயசுல இந்தப் புயல்ல போனீங்கன்னா, இறக்கிக் கொண்டுவர உங்களுக்கு ஒரு படை வேணும்" என்று சொல்லிச் சேணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அதனால் இங்கே கடிதம் எழுதுகிறேன். பக்கத்திலே அந்தப் பள்ளம் யாருடைய பகுதியில் வருகிறது என்று மூன்று மகானுபாவர்களும் வரைபடத்தை விரித்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆடுகள் அங்கே நிற்கின்றன, நின்றபடியே பனியில் மூடப்படும்.

ஆகையால் மாப்பிள்ளை, தயவுசெய்து இவர்களை உடனே திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை தாங்கள் போகும் கூட்டணி நாடுகளின் பெரிய கூட்டத்தில், பங்கு என்றால் என்ன என்று இந்த நாடுகளுக்குத் தெரியவே தெரியாது, வேண்டுமானால் ஹோல்ஸ்தாலுக்கு வந்து கற்றுக்கொள்ளட்டும் என்று மேஜையைத் தட்டிச் சொல்லுங்கள்.

தங்கள் வீட்டில் வெந்நீரும் விருந்தும் குறையாதிருக்கட்டும். தோர்டிஸுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
நொந்துபோன மாமனார்,
ஆஸ்கெய்ர்.

பின்குறிப்பு (ஞாயிறு காலை): மேலே எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் சமையலறையில் ஆளில்லை, வரைபடம் மட்டும் கிடக்கிறது. மூவரும் போய்விட்டார்கள். நன்றாக இருட்டியபின் வந்தார்கள். மேஜர் அம்மாள் கையில் விளக்கு. கேப்டன் ஓடை தாண்டிய அந்தக் கிடாயைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தார், வழி நெடுக முட்டு வாங்கியிருக்கிறார். கர்னல் கழுத்தில் ஒரு நொண்டிப் பெட்டை ஆடு, மற்றவை பின்னால். நான் அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு யாருடைய ஆடு என்று அறிய விளக்கில் காதில் வெட்டிய குறியைப் பார்த்தோம். ஏழும் தங்கள் குறி. கல்யாணத்துக்கு நாங்கள் தந்தோமே, அந்த வம்சம்தான். கர்னல், "இந்தக் குறிக்காரர் பக்கமிருந்து மலைக்கு யாரும் வரலையே, சொந்தக்காரர் யாரு?" என்று கேட்டார். என் மாப்பிள்ளை, இலாகாவில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். "ஓ, வியாழக்கிழமை எங்களோட பங்கைப் பத்திப் பேசப்போறாரே, அவரா?" என்றார். கால் முறிந்து கிடக்கிறார், இல்லாவிட்டால் முதல் ஆளாக வந்திருப்பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போங்கள். இடது கால். மாற்றிவிடாதீர்கள்.