முப்பத்தோரு பெட்டியும் ஒரு வெங்காயமும்

எது வந்தாலும் அலமாரியை விட்டுக்கொடுப்பதில்லை என்று சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தேன். வாயில் நுரை இருக்கும்போதுதான் எனக்கு வீரம் வரும். சொல்வது யாருக்கும் புரியாது பாருங்கள்.

தொழிலில் நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றுகிறவன், வீட்டில் குரலை ஏற்றியதில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அந்த அலமாரியில் என் உயிர் இருக்கிறது. முப்பத்தோரு அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் உலோகப் பொம்மை வண்டி. எல்லாம் நான் டவுசர் போட்ட காலத்தில் வாயைப் பிளந்து பார்த்த டிவி தொடர்களில் ஓடியவை. துப்பறிவாளரின் கறுப்புக் கார், விண்வெளி ரோந்துப் படையின் ஆறு சக்கர வண்டி, ஏணி நீளும் தீயணைப்பு வண்டி. அந்தக் காலத்தில் ஒட்டிய நாடாகூட இன்னும் பிரியவில்லை.

மனைவி தையல்காரி. தைக்க வந்த துணி மூட்டைகள் சாப்பாட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. நாங்கள் நின்றுகொண்டு சாப்பிட்டோம்.

"அந்த அலமாரியை எனக்குக் குடுங்க."

"முடியாது."

சொன்னது நான்தான். எனக்கே ஆச்சரியம்.

"பொம்மைக்கு எதுக்குங்க கண்ணாடி அலமாரி?"

கல்யாணமான நாளிலிருந்து செய்துவரும் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"பெட்டி பிரிக்காத வரைக்கும் அது பொக்கிஷம். பிரிச்சாத்தான் பொம்மை. அப்புறம் கட்டிலுக்கடியிலகூடப் போடலாம், யாரு கேக்கப் போறா?"

"அப்ப நீங்க ஒண்ணுகூடத் திறந்து பாத்ததில்ல?"

"சத்தியமா இல்ல!"

"உள்ள வண்டிக்குப் பதிலா வெங்காயம் இருந்தா உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு ஊசியில் நூல் கோத்தாள்.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். கிழிந்த துணியையே தையல் தெரியாமல் ஒட்டுப்போடுகிறவளுக்கு நாடாவைப் பிரித்து ஒட்ட எவ்வளவு நேரமாகும்? அடுப்படிக்கு ஓடி வெங்காயக் கூடையைத் துழாவினேன். எத்தனை இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் குறைந்திருந்தது.

பெட்டிகளைக் குலுக்கினேன். எல்லாம் லொடலொடத்தன. காய்ந்த வெங்காயமும் லொடலொடக்குமே! மோந்து பார்த்தேன். முப்பத்தொன்றிலும் வெங்காய வாசனை. கூடையைத் துழாவிய கையை நான் கழுவவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

விண்வெளி வண்டிப் பெட்டியை அணைத்துக்கொண்டு கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் ஓடினேன்.

"டாக்டர், இதுக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்க."

மனிதர் நல்லவர். மறுபேச்சில்லாமல் எடுத்தார். பல்லுக்கு எடுக்கும் படம், கட்டைவிரல் அகலம்தான் இருந்தது.

"ஒரு சக்கரம் தெரியுது. சொத்தை எதுவும் இல்ல."

"இன்னும் முப்பது இருக்கு, டாக்டர்."

"வெளியில அஞ்சு பேர் கன்னத்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. வீட்ல போய்த் திறந்து பாருங்களேன் சார்!"

வீட்டுக்கு வந்து, ஒன்றே ஒன்று என்று திறந்தேன். வண்டி இருந்தது. அப்படியானால் வெங்காயம் அடுத்ததில்தான். அதிலும் வண்டி. அப்போ அதற்கடுத்ததில். நாடா கிழியும்போதெல்லாம் என் நெஞ்சும் கிழிந்தது, கை மட்டும் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்ததையும் விடவில்லை. ஒரு சக்கரத்தை நம்பி எப்படி இருப்பது?

முப்பத்தோரு வண்டியும் பத்திரமாக, பளபளவென்று இருந்தன. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

"பாத்தியா? ஒண்ணுலயும் வெங்காயம் இல்ல!"

"வச்சேன்னு நான் எப்பங்க சொன்னேன்? இருந்தா தெரியுமான்னுதானே கேட்டேன்."

சுற்றிப் பார்த்தேன். முப்பத்தோரு பெட்டியும் வாயைப் பிளந்து கிடந்தன. அவள் தீயணைப்பு வண்டியை எடுத்து ஏணியை நீட்டினாள். மடக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப இதெல்லாம் பொம்மைதானே?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? அவள் முதல் துணி மூட்டையைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

"கட்டிலுக்கடியில காலையிலேயே பெருக்கி வச்சுட்டேங்க."