ஒரு ரிங் வராத சனிக்கிழமை

சாயங்காலம் நாலு நாற்பதுக்கு என் மேசைத் தொலைபேசி அடிக்கவில்லை. எல்லாம் அந்த நிமிடத்தில்தான் ஆரம்பித்தது. போன் அடித்ததால் நிம்மதி கெட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அடிக்காததால் கெட்டவன் நான்.

எங்கள் அறக்கட்டளைக்கு அப்போது ராஜபாளையத்தில் ஒரு பள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி. நான் ராஜபாளையம் பள்ளியின் நிர்வாக அலுவலர். (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டாரை அமர்த்த ஓடுவதும் அந்தப் பதவிக்குள் அடக்கம்.) என் மகள் ஜெனி பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட பாடப்பிரிவு ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில்தான் இருந்தது. காலையில் பள்ளிப் பேருந்தில் போவாள். சாயங்காலம் அதே பேருந்தில் வந்து என் பள்ளி வாசலில் இறங்குவாள். பிறகு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவோம்.

பேருந்து கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் முருகையா அண்ணாச்சியின் கைபேசியை வாங்கி எங்கள் அலுவலக எண்ணுக்கு ஒரு ரிங் விடுவாள். ஒரே ஒரு ரிங். அதை யாரும் எடுக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கை நீட்டினால் எழுத்தர் செல்வி பாய்ந்து தடுப்பார்: "தொடாதீக! அது சார் பொண்ணு!" அந்த ஒரு ரிங்குக்குள் எனக்கு எல்லாம் இருந்தது. ஏறிவிட்டாள், ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது, மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை என்பது வரை நானே கேட்டுக்கொள்வேன்.

நான் மட்டுமல்ல, பள்ளியே அப்படித்தான் நடந்தது. தேவதானம் போகும் பேருந்து ஊர் எல்லையைத் தொட்டால் ஒரு ரிங். தளவாய்புரத்து அம்மா ஒருவர் இரண்டு ரிங் விட்டால் பையனுக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டான். பேச எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்று காலம் மாறிய பிறகும் எங்கள் ஆட்கள் மாறவில்லை. பேசினால் நலம் விசாரிக்க வேண்டும், மழை பெய்ததா என்று கேட்க வேண்டும். ரிங் என்றால் காரியம் முடிந்தது.

இந்த நிலையில்தான் தாளாளர் அய்யா என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது பள்ளி ஒன்று கட்ட அவருக்கு எண்ணம்.

"ஏப்பா, இங்கன ஒரு போனு, அங்கன ஒரு போனு, ஆளுக்கொரு செல்லுன்னு செதறிக் கெடக்கு. அம்புட்டையும் ஒண்ணாக் கோத்து ஒரு ஏற்பாடு பாரு. நாளைக்குப் புதுப் பள்ளி வந்தாலும் அதுலயே சேத்துக்கிடணும்."

"நானாய்யா?"

"நீதான். உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிதான் இதுக்குச் சரி. என்னென்ன கெட்டுப்போகும்னு நீ ராத்திரியெல்லாம் யோசிப்ப."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். (அந்த வயதில் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.) கம்பெனிகள் வந்தன. ஒருவர் சுவரில் பெரிய பெட்டி மாட்டலாம் என்றார். இன்னொருவர் பெட்டியே வேண்டாம், எல்லாம் இணையத்தில் இருக்கும் என்றார். மேசை போன், கைபேசி, கணினி, குறுஞ்செய்தி, வீடியோ எல்லாமே ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். ஆள் கூடக் கூடப் பெயரைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று விளக்கினார். மதுரைக்காரத் தம்பி, பொறுமைசாலி. கரண்ட் போனால்? போகாது, பேட்டரி. பேட்டரி போனால்? கைபேசிகளில் ஓடும். இடி விழுந்தால்? அவர் தண்ணீர் கேட்டார்.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. ஒரு அழைப்புகூடத் தவறக் கூடாது.

"சார், அமைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் உங்க ஆபீஸ்ல உக்காந்து, என்ன மாதிரி கால் வருதுன்னு பாத்துக்கிடவா?"

"எதுக்குத் தம்பி? இங்கயே கெடந்து தலை நரைச்சவன் நான். என்ன வேணுமோ என்கிட்ட கேளுங்க."

"மிஸ்டு கால் நிறைய வருமா சார்?"

"இங்க மிஸ்டு காலே கிடையாது" என்றேன் பெருமையாக.

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. தவறிய அழைப்பு என்றால் தவறியிருக்க வேண்டும் அல்லவா? எங்களுடையவை எல்லாம் சரியாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

பிறகு நான் சொல்லச் சொல்ல அவர் அமைத்தார். யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே இயந்திரம் எடுத்துவிடும். ஒரு பள்ளியில் யாருமே எடுக்காவிட்டால் அங்குள்ள எல்லார் போனும் சேர்ந்து அடிக்கும். அப்போதும் எடுக்காவிட்டால் என் மேசைக்கு வரும். ஓட்டுநர்கள் வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது. ஆனால் ஒன்பதை அழுத்தினால் அது அவசர அழைப்பு. எல்லார் போனும் பள்ளி ஒலிபெருக்கியும் ஒரே இணைப்பாகிவிடும். ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டி எடுக்க வேண்டும். அடுத்த உத்தரவு வரும்வரை நகரக் கூடாது. யாராவது இணைப்பைத் துண்டித்தால் இயந்திரமே திரும்பக் கூப்பிடும். அதை முடித்துவைக்கும் அதிகாரத்தை, மரியாதை கருதி, தாளாளர் அய்யாவின் ரகசிய எண்ணுக்கு மட்டும் கொடுத்திருந்தேன்.

இயந்திரத்துக்குக் குரலும் நானே கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பேசினேன். ஜெனி கேட்டுவிட்டு, "அப்பா, வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள்.

மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட அந்தச் சனிக்கிழமை பள்ளி வைத்திருந்தோம். அன்றுதான் புதிய ஏற்பாடு உயிர் பெற்றது. புரட்டாசிச் சனி வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ரோட்டை நிறைத்திருந்தது. தாளாளர் அய்யாவும் போயிருந்தார்.

நாலு நாற்பது. மணி அடிக்கவில்லை. செத்த நேரம் பொறுத்தேன். செல்வியைப் பார்த்தேன். செல்வி போனைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கூட்டம்லா சார், லேட்டா எடுத்திருப்பாக."

முருகையா அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. (ஓட்டும்போது எடுக்காதீர்கள் என்று அவரிடம் சத்தியம் வாங்கியவனே நான்தான்.) கைபேசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்குப் போட்டேன். கம்பீரமான ஒரு குரல் எடுத்தது.

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. ராஜபாளையம் பள்ளிக்கு ஒன்றை அழுத்தவும்..."

என்ன நிதானம்! மகளைக் காணோம் என்று ஒருவன் துடிக்கிறான், இந்த ஆள் இழுத்து இழுத்துப் பேசுகிறான் என்று அந்தக் குரலின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டை அழுத்தினேன். அங்கே எல்லார் போனும் அடித்தது. எல்லாருக்கும் அடித்ததால் யாருமே எடுக்கவில்லை. (விளையாட்டு வாத்தியார் எடுப்பார் என்று வாட்ச்மேனும், வாட்ச்மேன் எடுப்பார் என்று விளையாட்டு வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.)

அப்போது என் மேசைப் போன் அடித்தது. ஜெனிதான்! ஆனால் ஒரு ரிங்கோடு நிற்கவில்லை. பாய்ந்து எடுத்தேன்.

"ஹலோ!"

"ஹலோ!" என்றது கைபேசி.

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கூலா?"

அவரும் அதையே கேட்டார். குரல் நடுங்கியது. பாவம், அவர் பிள்ளையும் வரவில்லை போலிருக்கிறது. "பதறாதீங்க சார், பொறுமையா இருங்க" என்றேன். அவரும் எனக்கு அதே ஆறுதலைச் சொன்னார்.

செல்வி மெதுவாகச் சொன்னார்: "சார், ரெண்டு போன்லயும் நீங்கதான் பேசிக்கிட்டிருக்கீக."

அதற்கு மேல் என் கை என் வசத்தில் இல்லை. ஒன்பதை அழுத்தினேன்.

மைதானத்து ஒலிபெருக்கி கரகரத்தது. "ஜெனி எங்க? பஸ் எங்க?" என்று என் குரல் ராஜபாளையம் பள்ளி முழுக்க எதிரொலித்தது. அடுத்த நொடி எல்லா வாயும் ஒரே குழாயில் திறந்தன.

"ஏலே, யாருலே பேசுறது?"

"சார், நான் குளிச்சிக்கிட்டு இருக்கேன்!"

"ஓரமா நிப்பாட்டிட்டேன் சார்!"

"எதுக்கு நிப்பாட்டுனீங்க?"

"அவசரம்னு வந்துச்சே!"

"என்ன அவசரம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்லா சொல்லணும்!"

"நீங்க எந்த பஸ்?"

"மஞ்ச பஸ்சு சார்!"

எங்களுடையது எல்லாமே மஞ்சள் பஸ்தான். முருகையா அண்ணாச்சியா, தேவதானம் வண்டியா, யாரென்றே பிடிபடவில்லை. "ஜெனி இருக்காளா?" என்று கத்தினேன். அதற்குள் மலைக்கோயில் கூட்டம் முழுவதும் தாளாளர் அய்யாவின் போன் வழியாக "கோவிந்தா! கோவிந்தா!" என்று முழங்கியது. அது மைதானத்தில் அதிர்ந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளை எதிர்பார்த்து வாசலில் நின்ற பெற்றோர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"அய்யா, உங்க ரகசிய எண்ணை அழுத்துங்கய்யா!"

"அது எங்கன இருக்கு?"

"அன்னைக்குச் சொன்னேனேய்யா!"

"நீ சொன்னப்ப நான் காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தேன்பா!"

"மெயினை அமத்திருவமா சார்?" என்றார் செல்வி. அமர்த்தினோம். விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. கோவிந்தா நிற்கவில்லை. பேட்டரி! அதை அவ்வளவு கேள்வி கேட்டு வாங்கியவன் யார்? பயந்துபோய் துண்டித்தவர்களை இயந்திரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒருவரையும் அது தவறவிடவில்லை.

தளவாய்புரத்து அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இரண்டு ரிங் அம்மாதான்.

"ஏன் சார், நேத்து வரைக்கும் ஒரு ரிங்கு விட்டா பிள்ள எங்கன வருதுன்னு தெரியும். இன்னைக்கு அம்புட்டுப் பேரும் பேசுறீக, ஒரு எழவும் வெளங்கலயே!"

என் பிள்ளையை மட்டும் தேடிக்கொண்டிருந்தவன், வரவேண்டிய எல்லாப் பிள்ளைகளையும் நடுரோட்டில் நிறுத்திவைத்திருக்கிறேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. இத்தனை பேர் பிள்ளைகளைக் கேட்டு நிற்கும்போது நான் என் பிள்ளையைத் தேடி ஓடினால் அது நன்றாகவா இருக்கும்? வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்தக் கம்பியின் குளிர்ச்சி இன்றும் உள்ளங்கையில் இருக்கிறது.

திடீரென்று ஒலிபெருக்கியில் ஒரு கர்ஜனை. "ஏலே! ஒருத்தரும் பேசப்படாது! அம்புட்டு வண்டியும் எடுங்கலே! நான் சொல்லுதேன்!" தாளாளர் அய்யா. கோயிலிலிருந்து காரில் திரும்பியவர், வழியில் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் புளியமரத்தடியில் கதை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். இறங்கி விசாரித்த பிறகுதான் அவருக்கு என் ஏற்பாட்டின் அருமை புரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை மதுரைத் தம்பி வந்தார். இந்த முறை ஒரு நாள் முழுக்க எங்கள் அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்து, எந்த ரிங் யாருடையது என்று செல்வியிடம் பாடம் கேட்டார். பழைய எண்ணை இயந்திரத்திடமிருந்து விடுவித்து, என் மேசையில் சாதாரணப் போன் ஒன்றை வைத்தார். மற்றபடி அது நல்ல ஏற்பாடுதான். மூன்றாவது பள்ளி வந்தபோது நோகாமல் வளர்ந்துகொடுத்தது. ஒன்பதை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

ஜெனி இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். சாதாரணப் போன் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நாலு நாற்பதுக்கு அதற்கு ஒரு வேலையும் இல்லை; ஆனாலும் அந்த நேரத்தில் அதன் பக்கம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். லீவு முடிந்து விடுதி போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவாள். அன்று வாசலில் சொன்னதையே சொல்லுவாள். என் மனைவி அடுக்களையிலிருந்தே அதைக் கூடச் சொல்லுவாள், சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களும்.

அன்று முதலில் வந்தது முருகையா அண்ணாச்சியின் பஸ்தான். பின்னாலேயே காலியாக வந்தது தாளாளர் அய்யாவின் கார். அய்யா பஸ்ஸின் முன் சீட்டில், நெற்றி நிறைய நாமத்தோடு, துளசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தார். இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்கிட்ட ஒப்படைச்சது என் தப்புய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியாக ஜெனி இறங்கினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்த முகம். எனக்கு வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"நான் ஒரு ரிங் விட்டேன்ப்பா. நீங்களே எடுத்துட்டீங்க. என்னைப் பேசவே விடாம ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்துன்னீங்க. வச்சிட்டேன்."

பையை என் தோளில் மாட்டிவிட்டு, தன் உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள். என் குரலையே வரவழைத்துக்கொண்டு, வானிலை அறிக்கை வாசிப்பதைப் போல, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"வணக்கம். தங்கள் மகள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். இதை உறுதிசெய்ய, ஒன்றை அழுத்தவும்."