நாலு பாட்டில் தூரத்தில், எங்கள் மூன்று மணிக்கு

மதிப்புக்குரிய எட்னா அக்காவுக்கு, தம்பி கிளாரி பணிவோடு எழுதிக்கொள்வது. நல்லார்பார் சமவெளியில் நானும் மகள் நொரீனும் பெட்ரோல் பங்கும் ஈக்களும் நலம். உன் நலம் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. நொரீன் கல்யாணம் மூன்று மணிக்கு என்று தெளிவாக எழுதியிருந்தேன். நீ பெர்த் கடிகாரத்தை நம்பி வந்தால் நான் என்ன செய்வேன்? இங்கே எங்கள் நேரம் பெர்த்துக்கு முக்கால் மணி முந்தி, அடிலெய்டுக்கு முக்கால் மணி பிந்தி. உன் மூன்று மணி எங்களுக்கு மூன்றே முக்கால். எந்தச் சட்டத்திலும் கிடையாது, நாங்களே வைத்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் அடிலெய்டு கடிகாரப்படி சீக்கிரமே வந்து, பசி தாங்காமல் ஆட்டுக்கறியையும் பியரையும் ஒரு கை பார்த்துவிட்டார்கள்.

வழியும் சரியாகத்தான் எழுதினேன். கடைசி பெட்ரோல் பங்கிலிருந்து நாலு பாட்டில் தூரம். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஓட்டுகிறவர் தொடக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் நிதானமாகக் குடித்துக்கொண்டு வரவேண்டும், நாலாவது பியர் பாட்டில் தீரும் இடம்தான் எங்கள் வீடு. ரெக் அத்தானோ நாலையும் மடமடவென்று முடித்துவிட்டு, "நிறுத்து எட்னா, வந்தாச்சு" என்று பொட்டல்வெளியில் உன்னை இறங்க வைத்திருக்கிறார். லாரிக்கார டக்கி வந்து சொன்னான்: "ஒரு அம்மா பட்டுத் தொப்பியும் கேக்குமா வெயில்ல நிக்குதுங்க. இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டுச்சு. மூணு பாட்டில்னு சொன்னேன், குடையை ஓங்கிக்கிட்டு வந்துடுச்சு."

ஒருவழியாக நீ வந்து சேர்ந்தபோது கண்ணில் பட்டது எலும்பும் எச்சில் தட்டும்தான். "தாயில்லாப் பொண்ணை வளர்த்தவ நான். நான் வர்றதுக்குள்ள முடிச்சிட்டியாடா?" என்று காரிலிருந்தே கத்திவிட்டு, என்னை வாய் திறக்கவிடாமல் கேக்கோடு திரும்பிவிட்டாய். அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் குத்துகிறது அக்கா. இனி பெர்த் நேரம்தான், கிலோமீட்டர்தான். இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். கோபம் ஆறி நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
கிளாரி

பி.கு.: முக்கியமானதை விட்டுவிட்டேன். கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. "அத்தை வராம மோதிரம் போட மாட்டேன், போங்க" என்று நொரீன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை ஊருக்குப் போகாமல் இங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறார். டக்கி வசம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவனை அடிக்காதே. வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்துவிடு. எங்கள் மூன்று மணி. அதே நாலு பாட்டில் தூரம்தான். இந்த முறை அத்தான் ஓட்டட்டும், நீ குடி.