ஆதரவற்றோர் தேவை

நெஞ்சில் ஈரமுள்ளோரே, வந்து பாருங்கள் இந்த அநீதியை! வட்டியால் வளர்ந்து வள்ளலாய் மலர்ந்த வங்கி அதிபர், வீடற்ற முதியோருக்காகப் பளிங்கில் ஓர் இல்லம் எழுப்பினார். சற்று நேரத்தில் அவரே வந்து திறந்துவைக்கப் போகிறார். கட்டில் உண்டு, மெத்தை உண்டு, சுவர்தோறும் வள்ளலின் படம் உண்டு. முதியவர்தாம் ஒருவரும் இல்லை!

ஏன்? வீடற்றவராக வருவோர் வீட்டு முகவரிக்குச் சான்று தர வேண்டும் என்பது வங்கி வகுத்த விதி.

"கட்டில்ல ஆள் இல்லேன்னா உமக்கு வேலை இல்லை" என்று வள்ளலின் செயலாளர் தொலைபேசியில் அறிவித்துவிட்டார். ஆண்டுக்கணக்கில் வேலை தேடித் தேய்ந்து, இப்போதுதான் இங்கே ஒட்டிக்கொண்ட இல்லக் காப்பாளர் சமையலறைக்கு ஓடினார். வாயிற்காவலனைக் கட்டிலில் கிடத்தித் தலையில் மாவைக் கொட்டினார்.

"அண்ணே, தும்மல் வருது!"

"தும்மித் தொலைக்காதடா, இருக்கிற நரையும் போயிடும்!"

தும்மினான். முதுமை பறந்து காப்பாளரின் சட்டையில் அமர்ந்தது.

எதிர்வீட்டுப் பெண்மணியிடம் ஓடி, மாமனாரை இரவல் கேட்டார்.

"இரவல் எதுக்குண்ணே? நீங்களே வச்சுக்குங்க!" என்று அவள் துணிமூட்டையோடு அவரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"யாருடி என்னை அனுப்புறது? வீடே என் பேர்லதான் இருக்கு!" கிழவர் கைத்தடியை ஓங்கினார். மருமகள் விலகினாள், காப்பாளரின் நெற்றி விலகவில்லை.

தெருமுனையில் கார் திரும்பிற்று. வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் ஒரு முதியவரைப் பற்றி இழுத்தார் காப்பாளர்.

"எனக்கு வீடு இருக்கு தம்பி. நான் வந்தது..."

"இருந்தா இருக்கட்டுங்க! அரைமணி நேரம் இல்லாதவரா இருங்க! என் சோத்துல மண்ணைப் போட்டுடாதீங்க!"

இரக்கப்பட்ட முதியவர் கட்டிலில் அமர்ந்தார்.

வள்ளல் நுழைந்தார். புகைப்படக்காரர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்தார். முதியவரின் முகத்தைப் பார்க்க அவருக்கேது நேரம்? படக்கருவியை நோக்கிப் புன்னகைத்தபடியே அவரை இழுத்து மார்போடு தழுவினார்.

"உலகத்து முதியோர் அனைவரும் எனக்குத் தாய் தந்தையரே!" என்று முழங்கினார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அடுத்த நொடி, கார் பறந்தது.

வேலை தப்பிய காப்பாளர் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"பெரியவரே, சும்மா உட்காரத்தானே சொன்னேன்? நிஜமாவே அழுதுட்டீங்களே!"

"பெத்த பிள்ளை இத்தனை வருஷம் கழிச்சுக் கட்டிப்பிடிச்சா அழுகை வராதா தம்பி? அடுத்த திறப்பு விழா எங்கேன்னு யாராச்சும் சொல்லியனுப்புங்கப்பா, அவன் அம்மாவையும் கூட்டிட்டு வரேன்!"