குழல் தேர்வு நிலைக்குழு

நவம்பர் பதினைந்தாம் தேதி, சூரியன் உதிக்க இன்னும் அரை மணி இருந்தபோது, வேட்டை என்னும் கலை தன் வரலாற்றின் உச்சியை எட்டியது. எட்டிய இடம், அமெரிக்காவின் மேல் மிச்சிகனில் ஓர் ஆப்பிள் மரத்துக்கு எதிரே நாலு கால்களில் நின்ற பலகைப் பரண். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு துப்பாக்கி.

இது வறுமை அல்ல. கொள்கை.

சாதாரண வேட்டைக்காரன் ஐந்து தோட்டாவை அடைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறான். முதலாவது தப்பினால் இரண்டாவது இருக்கிறது என்று நினைக்கிறான். சிந்திக்காதவன். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அந்தச் சோம்பல் கிடையாது. அவனுக்கு இருப்பது ஒரே வெடி. எனவே சுடுவதற்கு முன் யோசிக்கிறான். வெய்க்கோ லாம்பினென், அவருடைய இரு நண்பர்கள் ஆகிய மூவரும் மூன்று வருடமாக யோசித்தார்கள். அந்த மூன்று வருடத்தில் ஒரு மானுக்கும் காயமில்லை.

துப்பாக்கியின் சிறப்பு அதோடு நிற்கவில்லை. பூட்டை அமுக்கினால் அது நடுவில் மடங்கும். கீல் ஆணியைத் தட்டி எடுத்தால் குழல் தனியாகக் கழன்று கையில் வரும். வேறு குழலை வைத்து ஆணியைத் தட்டினால் அது வேறு துப்பாக்கி. உடலை மூவரும் கூட்டாக வாங்கினார்கள். குழல் அவரவர் சொந்தம்.

கோர்டி ட்ரெவாரோவிடம் இருந்தது தடித்த குழல். புதருக்குள் கிட்டத்தில் நிற்கும் மானுக்கு உரியது. ஆர்மண்ட் லாப்ளூரிடம் இருந்தது நீண்ட குழல். வெட்டவெளியில் தூரத்து மானுக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே ஓயாத சண்டை. அதைத் தீர்த்து வைக்க வெய்க்கோ நடுத்தரமாக மூன்றாவது குழல் ஒன்றை வாங்கினார். அதற்கு ‘சமரசக் குழல்’ என்று பெயர் சூட்டப்பட்டது. சண்டை மூன்று தரப்பாக வளர்ந்தது.

ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கியிருந்தால் மூவரும் சுட்டுவிடும் அபாயம் இருந்தது.

விதி எளிமையானது: எந்தக் குழல் தேர்வாகிறதோ, அதன் சொந்தக்காரர் சுடுவார். தேர்வு செய்வது ‘குழல் தேர்வு நிலைக்குழு’. உறுப்பினர்கள் மூவர். தலைவர் வெய்க்கோ. குழு சனிக்கிழமைதோறும் சவ்னா என்ற நீராவிக் குளியலறையில் கூடும். சூடேறிய கல்லில் நீரை ஊற்றி, மூவரும் பிறந்த மேனியாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். எதையும் ஒளித்துவைக்க இடமில்லாத நிர்வாகம். உலகில் எந்த அரசாங்கமும் இந்த அளவு வெளிப்படைத்தன்மையை எட்டியதில்லை.

ஆப்பிள் மரம் பரணிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்வி ஒருமுறை எழுந்தது. அளந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அளந்தால் குழுவின் சுதந்திரம் பாதிக்கப்படும் என்று யோசனை ஒருமனதாகத் தள்ளப்பட்டது.

இந்த மேன்மையைப் புரிந்துகொள்ளாத ஒருத்தி இருந்தாள். லெம்பி, வெய்க்கோவின் அண்ணி. காடும் அதில் இவர்கள் வேட்டைக்குத் தங்கும் கொட்டகை வீடும் அவளுடையவை. அண்ணன் இறந்த பிறகு அவள் வாடகை எதுவும் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை: வருடத்துக்கு ஒரு மான். வேட்டை தொடங்கும் நாளன்று அது ஊரில் தீயணைப்பு நிலையத்தின் முன்னால், ஊரார் சுட்ட மான்களைத் தொங்கவிடும் மான் கம்பத்தில் தொங்க வேண்டும், பிறகு அவளுடைய உறைபெட்டிக்கு வர வேண்டும்.

கொட்டகை வீடு மற்ற இருவருக்கும் பொழுதுபோக்கு. வெய்க்கோவுக்கு அதுதான் வீடு. அவருடைய மனைவி போன வசந்தத்தில் சமையலறை மேசையைக் குழல்களிடமிருந்து மீட்டெடுத்தாள். மீட்கும்போது குழல்களோடு வெய்க்கோவும் வெளியே போக நேர்ந்தது. இந்தக் கூரையும் போனால் அவருக்கு மிஞ்சுவது டெட்ராய்ட் பக்கத்தில் மகள் வீட்டின் நிலவறை. மகள் சைவம். மாப்பிள்ளை அவளைவிடச் சைவம்.

வேட்டைக்கு முந்தின நாள் மதியம் லெம்பி தட்டு நிறைய, மாவில் கறியை மடித்துச் சுட்ட பாஸ்டியோடு வந்தாள். சூடாக இருந்தது. உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். மூவரும் அதைப் புகழ்ந்தார்கள்.

“மாட்டிறைச்சி,” என்றாள் லெம்பி. “கடையில வாங்குனது. மூணு வருஷமா கடையிலதான் வாங்குறேன். போன வருஷம் கம்பத்துக்குக் கீழ நின்னேன். எல்லார் வீட்டு மானும் தொங்குது. பாதிரியார் என்னப் பாத்து, ‘உங்க ஆளுங்க இன்னும் வரலையா’ங்கிறார். மனுஷர் கேலி கூடப் பண்ணல. பரிதாபப்படுறார்.”

“அண்ணி, போன வருஷம் சூழ்நிலை அப்படி,” என்றார் வெய்க்கோ.

“என்ன சூழ்நிலை?”

“மான் வந்துச்சு. ஆனா அது ரெண்டு குழலுக்கும் நடுவுல வந்து நின்னுச்சு.”

லெம்பி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணு கம்பத்துல தொங்கணும். இல்லன்னா சாவியக் குடுத்துரு. எங்க தையல் சங்கத்துப் பொம்பளைங்க ஒரு இடம் கேட்டுட்டு இருக்காங்க.”

“தையலுக்கா?”

“வேட்டைக்கு.”

அவள் போனதும் குழு அவசரமாகக் கூடியது. நிலைமையின் தீவிரம் கருதி மூவரும் ஆடையோடு கூடினார்கள். நாளை எந்தக் குழலோடு தொடங்குவது என்பது பொருள். இணையத்தில் தாடிக்காரர் ஒருவர் இருபத்தாறு குழல்களைச் சோதித்துக் காட்டியதைக் கோர்டி எடுத்துச் சொன்னார். அந்தத் தாடிக்காரர் எப்போதாவது மான் சுட்டிருக்கிறாரா என்று ஆர்மண்ட் கேட்டார். “அவருக்கு அதுக்கெல்லாம் எங்கடா நேரம்?” என்றார் கோர்டி. விவாதத்தின் முடிவில் சீட்டுக் குலுக்கியதில் நீண்ட குழல் வந்தது. ஆர்மண்ட் ஒரு பாஸ்டியைக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

இப்படித்தான் அந்த விடியலில் நீண்ட குழல் பூட்டப்பட்ட துப்பாக்கியோடு மூவரும் பரணில் இருந்தார்கள். பனி பெய்து நின்றிருந்தது. மூவர் மேலும் வேட்டைக்குரிய ஆரஞ்சு அங்கி. மூவர் மூச்சும் ஒரே மேகம்.

மான் வந்தது.

கொம்பில் எட்டுக் கிளை. கழுத்து தடித்த ஆண்மான். ஆப்பிள் மரத்தடிக்கு நடந்து வந்து, பனியை மூக்கால் ஒதுக்கி, உறைந்த ஆப்பிள் ஒன்றைக் கடித்தது. கடிக்கும் சத்தம் பரணுக்குக் கேட்டது.

ஆர்மண்ட் துப்பாக்கியை எடுத்தார்.

“இரு,” என்றார் கோர்டி. “தூரம் எவ்வளவு?”

“இருநூறு கஜம்.”

“இருநூறா? டேய், அது மெல்லுறது எனக்குக் கேக்குதுடா. எழுபது கஜம்.”

“உனக்குப் பொண்டாட்டி பேசுறதே கேக்காது. மான் மெல்லுறது கேக்குதாக்கும்?”

“தலைவரே, நான் முறையா ஆட்சேபிக்கிறேன். எழுபது கஜத்துல நெட்டைக் குழல்ல சுட்டா கறி கூழாயிடும். அப்புறம் உங்க அண்ணி கரண்டியாலதான் அள்ளணும்.”

அண்ணி என்றதும் வெய்க்கோ கையை நீட்டினார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. ஆர்மண்ட் ‘எதிர்ப்பைப் பதிவுசெய்து’ துப்பாக்கியைக் கொடுத்தார். வெய்க்கோ குழலுக்கு அடியிலிருந்த முன்கட்டையைக் கழற்றி, கீல் ஆணியைத் தட்டினார்.

டக். டக்.

மான் தலையை நிமிர்த்தியது. பிறகு குனிந்து இன்னொரு ஆப்பிளை எடுத்தது. இங்கே அந்த மானின் அறிவையும் பாராட்ட வேண்டும். அது இந்தக் காட்டிலேயே வளர்ந்தது. ‘டக் டக்’ என்று கேட்டால் இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். சொல்லப்போனால் அந்தச் சத்தம் கேட்டபின் அது இன்னும் நிதானமாகச் சாப்பிட்டது.

தடித்த குழல் ஏறியது. கோர்டி பெரிய தோட்டா ஒன்றை உள்ளே போட்டு நிமிர்த்தி மூடினார். அதற்குள் மான் மரத்தடியை விட்டு, வயல் கடந்து, வேலியோரம் போய் நின்றது.

“இப்ப?” என்றார் ஆர்மண்ட். “இப்பவும் எழுபதா?”

கோர்டி வேலிப் பக்கம் கண்ணைச் சுருக்கினார்.

“சொல்லேண்டா. எழுபதுன்னு சொல்லு. உன் குண்டு அங்க போய்ச் சேர மதியம் ஆகும். நாம சாப்பிட்டுட்டே காத்திருக்கலாம்.”

“வாய மூடுடா தவளை.”

“நீ மூடு. தலைவரே, குழல் மாற்றம் கோருகிறேன்.”

டக். டக். நீண்ட குழல் ஏறியது. மான் அந்த அழைப்புக்காகவே காத்திருந்ததுபோல் மரத்தடிக்குத் திரும்பி வந்தது.

“எழுபது!” என்றார் கோர்டி.

“இருநூறு!”

“நாப்பது வருஷமா அதே மரம்டா அது!”

“மரம் அதேதான். உன் கண்ணுதான் போச்சு!”

வெய்க்கோ இருவரையும் தாண்டி எட்டிப் பார்த்தார். மான் அங்கே நிற்கிறது. கொட்டகை வீடு, அடுப்பு, அவருடைய கட்டில், எல்லாம் அதன் கொம்பில் தொங்குகின்றன. அவர் வரலாற்றில் இல்லாத ஒன்றைச் செய்தார். கெஞ்சினார்.

“ஏம்ப்பா, யாராவது சுடுங்கப்பா. நான் போய் அந்த நிலவறையில இருக்க முடியாது. அங்க மாப்பிள்ளை காளான் வளக்குறான்.”

கோர்டி ஆர்மண்டைப் பார்த்தார். ஆர்மண்ட் கோர்டியைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் ஒரே ஞானம் உதித்தது.

“இவன் சுடறதுக்கு, வெய்க்கோ சுடட்டும்,” என்றார் கோர்டி.

“இவன் சுடாம இருந்தா எனக்குப் போதும்,” என்றார் ஆர்மண்ட்.

சமரசக் குழல் ஒருமனதாகத் தேர்வானது. குழுவின் வரலாற்றில் ஒருமனதாகத் தேர்வான முதல் குழல் அதுவே. டக். டக். முன்கட்டை பொருந்தியது. சரியான தோட்டா உள்ளே போனது. துப்பாக்கிக் குதிரை பின்னுக்கு இழுக்கப்பட்டது. குழல் மேலிருந்த தொலைநோக்கிக்குள் மான் பக்கவாட்டில், படத்தில் வரைந்ததுபோல் நின்றது. தோளுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு இடம். குழந்தைகூடத் தவறவிடாது.

வெய்க்கோ மூச்சை அடக்கினார். விசையில் விரல் வைத்தார்.

மான் மென்றது.

அவர் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார். மானுக்கும் பின்னால் எதையோ பார்ப்பதுபோல் பார்த்தார். அது என்னவென்று குழுவுக்குத் தெரிவிக்கப்படவில்லை. பிறகு குதிரையை மெல்ல முன்னுக்கு விட்டு, துப்பாக்கியை இறக்கினார்.

“காத்து,” என்றார்.

“காத்தா?” என்றார் கோர்டி.

“பக்கவாட்டுக் காத்து. இந்தக் குழலுக்கு அது... இன்னும் ஆராயப்படல.”

மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அசைய இலையும் இல்லை. மான் கடைசி ஆப்பிளை முடித்து, வாலைத் தூக்கி, தன் வேலையைப் பார்க்கக் கிளம்பியது. காட்டின் விளிம்பில் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

முதலில் பேசியவர் கோர்டி. அவர் குரலில் கோபம் இல்லை. நிம்மதி இருந்தது.

“பொறுப்பான முடிவு.”

“முதிர்ச்சியான முடிவு,” என்றார் ஆர்மண்ட். “அவசரப்பட்டு எல்லாத்தையும் கெடுத்திருக்கலாம்.”

“காத்துக்குன்னே ஒரு குழல் வருதாம். தாடிக்காரர் சொன்னார்,” என்றார் கோர்டி.

“நீளமானதா?”

“கொஞ்சம் நீளம்.”

“அப்ப என் குழல்லருந்து அது எப்படி வேற?”

“சனிக்கிழமை பேசுவோம்.”

மூவர் முகமும் மலர்ந்தது. ஆர்மண்ட் கோர்டியின் தோளைத் தட்டினார். கோர்டி பையிலிருந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்து மூன்றாகப் பிட்டு, பெரிய துண்டை ஆர்மண்டுக்குக் கொடுத்தார். வெய்க்கோகூடச் சிரித்தார். ஒரு கணம் அவருக்குச் சாவி மறந்துபோயிருந்தது.

“சக்கரை போட்டது, போடாதது ரெண்டும் இருக்கு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எது வேணும்னு முடிவு பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

பரணின் பின்பக்கத்துக்குக் கதவு கிடையாது. ஏணியடியில், ஆரஞ்சுத் தொப்பியோடு, இரண்டு காப்பிக் குடுவைகளோடு லெம்பி நின்றாள். பூட்ஸைச் சுற்றி அவள் மிதித்து இறுக்கிய பனி. வந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

“அண்ணி,” என்றார் வெய்க்கோ. “காத்து...”

அவள் ஒரு கையுறையைக் கழற்றி, விரலை நாக்கில் நனைத்து, காற்றுப் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். நால்வரும் அந்த விரலைப் பார்த்தார்கள். பிறகு அதே கையை உள்ளங்கை மேலே தெரிய நீட்டினாள்.

பொழுது சாய இன்னும் பகல் முழுக்க இருந்தும், வெய்க்கோ ஏணியில் இறங்கி வந்தார். அங்கியின் உள்பையில் தேடி, சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். அவள் அதைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

“நான் எல்லாத்தையும் பாத்தேன். உன் குழல். உன் குண்டு. மான் நின்னுச்சு. காத்து இல்ல,” என்றாள். “திட்டல, வெய்க்கோ. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அது விழுந்திருந்தா, இந்தக் குளிர்காலம் பூரா நீங்க மூணு பேரும் எதப் பத்திப் பேசியிருப்பீங்க?”