தோட்டவெளிக் குசினியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

ஒருவருடைய பெயரை மறைத்துவிட்டு அவருடைய குசினியை, அதாவது சமையலறையை, உலகத்துக்குக் காட்டினால், அவரைப் பாதுகாத்ததாகக் கொள்ளலாமா? பட்டதாரியான எனக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. தோட்டவெளிக் கிராமத்துச் செபமாலை அக்காதான் அதைத் தொலைபேசியில் எழுப்பினார்.

மன்னாரின் சுற்றுச்சூழல் செய்தியாளர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வலையமைப்புக்கு நான் இணையத்தளம் வடிவமைத்திருந்தேன். அதன் மகுடம் ஒரு செய்மதி வரைபடம். ஒவ்வொரு படத்திலும் கைபேசி பதிந்துவைத்த இடத்தைத் தானாகவே அறிந்து, அங்கே சிவப்புப் புள்ளி இடும். தொடக்க நாளில் வெளிப்படைத்தன்மை பற்றி அரைமணி நேரம் உரையாற்றினேன். (கேட்டவர்கள் ஒன்பது பேர்; விழித்திருந்தவர்கள் அதனினும் குறைவு.)

முதற்செய்தி, களவாக லொறிகளில் மண் அள்ளுவதைப் பற்றியது. படத்தைக் குசினி யன்னலால் எடுத்துத் தந்தவர் அக்கா. அவர் பெயரைச் செய்தியில் கவனமாகத் தவிர்த்திருந்தோம்.

"பிள்ளை, பேர் போடேல்லை, சந்தோசம். ஆனா என்ர குசினிக் கூரையிலை பொட்டு வைச்சிருக்கிறீங்கள். நானாட்டானிலை இருந்து மகள் கத்துறாள். கோழிக்கூடும் தெரியுதாம்!"

"ஐயோ அக்கா, இப்பவே எடுக்கிறன்."

"லொறிக்காரர் பாக்கமுதல் எடுங்கோ!"

எடுக்க முடியவில்லை. இடக்குறிப்பு இல்லாத படத்தை ஏற்காதே என்று தளத்துக்குக் கட்டளையிட்டவள் நானே. படத்தை அழித்தால் செய்திக்கு ஆதாரமில்லை. அதற்கு நான் தயாராக இல்லை. எனவே புள்ளியை நகர்த்தினேன். பதற்றத்தில் நினைவுக்கு வந்த ஒரே முகவரிக்கு: உப்புக்குளத்தில் எங்கள் வீடு.

மறுநாள் காலை லொறி முதலாளி வாசலில் நின்றார். எதுவும் அறியாத அப்பா அமரக் கதிரை கொடுத்துத் தேநீரும் கொடுத்தார்.

"ஐயா, நாங்கள் மண் அள்ளுறதை உங்கட வீட்டிலை இருந்துதானாம் படம் எடுத்தது."

"எங்கட வீட்டு முத்தத்திலையோ மண் அள்ளினனீங்கள்?"

"இஞ்சை ஆர் அள்ளினது? தோட்டவெளிப் பக்கமெல்லோ அள்ளுறம்!"

"ஓகோ. அப்ப அள்ளுறியள்."

முதலாளி தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னை அப்பா பார்த்தார்.

"இனி இப்பிடி ஆரையும் அனுப்பிறதெண்டா முதலே சொல்லு. மேலுக்குச் சேட்டாவது போட்டிருப்பன்."

அன்றே தோட்டவெளிக்குச் சென்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் மூன்று நாள் அமர்ந்து தளத்தை அடியிலிருந்து மாற்றினேன். வீட்டில் யார் கைபேசியைத் தூக்கினாலும் "கவனம், லொறி வரும்" என்பார் அப்பா. விருந்தினர்கூட இப்போது அதைச் சொல்கிறார்கள்.

அந்தத் தளத்தில் இன்று வரைபடம் இல்லை. படம் ஏறும்போதே அதன் இடக்குறிப்பு நீங்கிவிடும். படம் தந்தவர் செய்திப் பக்கத்தைத் தாமே பார்த்து "ஓம்" என்று சொல்லும்வரை நான் எதையும் வெளியிடுவதில்லை.